ஓவனில் மேலே கருகுது, அடி வேகவே இல்லை. போர்டு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

அரைவேக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது அலமாரிக்குள் பதித்த எலக்ட்ரிக் ஓவன். இரண்டு குமிழ், நடுவில் சின்னதாக ஒரு கடிகாரம். ஒரு குமிழ் எந்த ஹீட்டர் எரிய வேண்டும் என்பதற்கு, இன்னொன்று டிகிரிக்கு. இதுவரை ஒரு வம்பும் செய்ததில்லை. கொஞ்ச காலமாக, மேலும் கீழும் சேர்ந்து எரியும் நிலையில் 180 வைத்தால் சூடேற யுகமாகிறது. சூடேறும்போது எரிந்து, போதுமான சூடு வந்ததும் அணையுமே ஒரு மஞ்சள் விளக்கு, அது அணைவதே அபூர்வமாகிவிட்டது. கேக் வைத்தால் மேல்பக்கம் கருகிவிடுகிறது, அடியில் கத்தியை விட்டால் மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. ட்ரிப் எதுவும் ஆவதில்லை. உள்விளக்கு நன்றாக எரிகிறது.

வந்து பார்த்த மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். "போர்டு போயிருச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் அனுபவம் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சும்மா_வந்தேன்:
தெர்மோஸ்டாட்தான் சகோ. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

மாவும்_மணமும்:
முதலில் ஒரு கேள்வி. ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாள் விரித்து வைத்திருக்கிறீர்களா? சிந்தினால் துடைக்க வசதி என்று பலர் விரித்துவிடுகிறார்கள். கீழ் ஹீட்டர் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் மாடல்களில் அந்தத் தாள் சூட்டை மேலே விடாமல் தடுக்கும், எனாமல் பூச்சையும் கெடுக்கும். கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு மூலையில் கிழிந்திருந்தாலும் சூடு அந்த வழியாக ஓடிவிடும்.

அரைவேக்காடு:
தாள் எதுவும் இல்லை. ரப்பர் சுற்றிலும் நன்றாக இருக்கிறது. கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், நான்கு பக்கமும் இறுக்கமாகவே பிடிக்கிறது.

ஓம்ஸ்_விதி:
அரைவேக்காடு, எதையும் வாங்காதீர்கள், இப்போதைக்கு எதையும் கழற்றவும் வேண்டாம். உங்கள் ஓவனில் ஹீட்டர் ஒன்றல்ல. மேலே ஒன்று, கிரில்லுக்கு ஒன்று, தகட்டுக்கு அடியில் ஒன்று, பின்சுவரில் ஃபேனைச் சுற்றி வளையமாக ஒன்று. எந்த நேரத்தில் எது எரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இடது குமிழ். தெர்மோஸ்டாட் இவை எல்லாவற்றுக்கும் பொது. அதனால் ஒவ்வொரு நிலையாகத் தனித்தனியே ஓடவிட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கீழ் ஹீட்டர் கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டாம். வீட்டு மின்மீட்டரிடமே கேட்கலாம். டிஜிட்டல் மீட்டர் என்றால் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருப்பார்கள். 1000 என்று இருக்கலாம், 1600, 3200 என்றும் இருக்கலாம். ஃப்ரிட்ஜ் உட்பட வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஓவன் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் ஓடவிட்டு எண்ணுங்கள். குமிழ் 200க்கு மேல் இருக்கட்டும், அப்போதுதான் தெர்மோஸ்டாட் நடுவில் துண்டிக்காது.

மீட்டர் 1000 என்றால் கணக்கு சுலபம். நிமிடத்துக்கு வரும் மினுக்கை 60ஆல் பெருக்கினால் வாட். 1100 வாட் ஹீட்டர் எரிந்தால் நிமிடத்துக்கு சுமார் 18 வரும். வேலை முடிந்ததும் ஃப்ரிட்ஜை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

சும்மா_வந்தேன்:
இதெல்லாம் சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலை. மீட்டர் எண்ணி எவனாவது ஓவன் ரிப்பேர் செய்வானா?

பழைய_ஸ்பேனர்:
செய்வான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவன். வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இல்லாத வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு மூடியைக்கூடத் திறக்க வேண்டாம், ஷாக் அடிக்க வாய்ப்பே இல்லை. தம்பி எண்ணிவிட்டு வரட்டும்.

லோ_வோல்ட்:
வோல்டேஜ் குறைவாக வருகிறதா என்றும் பாருங்கள். ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குச் செய்த ஹீட்டருக்கு 200 வோல்ட்தான் கிடைத்தால் சூடு 13 சதவீதம் குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2000 வாட் ஹீட்டர் 1500 வாட்டாக நின்றுவிடும்.

ஓம்ஸ்_விதி:
கணக்கு சரிதான். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் மேலும் கீழும் சேர்ந்தல்லவா மந்தமாகும்? இவருக்கு மேலே கருகுகிறதே.

அரைவேக்காடு:
எண்ணிவிட்டேன். எங்கள் மீட்டரில் 1000 என்றுதான் போட்டிருக்கிறது.

கிரில்: நிமிடத்துக்கு 30க்குப் பக்கம்.
ஃபேன் நிலை: 33.
மேல் மட்டும்: 17.
கீழ் மட்டும்: ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தேன், ஒரே ஒரு மினுக்கு.
மேலும் கீழும் சேர்ந்து: அதே 17.

ஃபேன் நிலையிலேயே விட்டு 180க்கு வைத்துப் பார்த்தேன். விறுவிறுவென்று சூடேறி மஞ்சள் விளக்கு அணைந்தது, பிறகு எரிந்து எரிந்து அணைந்தது. அதாவது கீழ் ஹீட்டர் எரியவே இல்லை, சரிதானே?

ஓம்ஸ்_விதி:
சரியேதான். அந்த ஒற்றை மினுக்கு உள்விளக்கும் குளிர்விக்கும் ஃபேனும் இழுக்கும் மின்சாரம்.

இப்போது யார் யாரை விடுவிக்கலாம் என்று பாருங்கள். ஃபேன் நிலையில் விளக்கு நேரத்துக்கு அணைகிறது என்றால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது. சும்மா_வந்தேன் மன்னிக்கவும். மற்ற மூன்று ஹீட்டருக்கும் மின்சாரம் போகிறது என்றால் கடிகாரம், அதன் ரிலே (ஹீட்டருக்கு மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் ஸ்விட்ச்), மேல்வெப்பத் தடுப்பான் (சூடு எல்லை மீறினால் வெட்டுவது) எல்லாம் நன்றாக இருக்கின்றன. "போர்டு" என்று உங்கள் மெக்கானிக் எதைச் சொன்னாரோ தெரியவில்லை. உங்கள் மாடலில் போர்டு என்று சொல்லக்கூடியது அந்தக் கடிகாரம் ஒன்றுதான்.

மிச்சம் மூன்று பேர். கீழ் ஹீட்டர், அதற்குப் போகும் வயரும் அதன் லக்கும் (வயர் நுனியில் இருக்கும், முனையில் சொருகும் உலோகக் கவ்வி), இடது குமிழின் பின்னால் இருக்கும் செலக்டர் ஸ்விட்ச். இதற்குமேல் ஓவனை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பழைய_ஸ்பேனர்:
எடுப்பதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள் தம்பி. குமிழைப் பூஜ்யத்தில் வைப்பது அணைப்பது ஆகாது. ப்ளக் இருந்தால் பிடுங்கிக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நேரடி இணைப்பு என்றால் அதற்கான மெயினை இறக்கி, வேறு யாரும் போட்டுவிடாமல் டேப் ஒட்டுங்கள். மூடியைத் திறந்ததும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் நடுவே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே வேறொரு பிளக் பாயிண்டில் பார்த்துவிடுங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூக்கள் தெரியும், அவைதான் அலமாரியோடு பிடித்திருப்பவை. 30 கிலோவுக்கு மேல் கனக்கும், ஒற்றை ஆளாக இழுக்காதீர்கள். பின்னால் கேபிள் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இழுங்கள். உள்ளே தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வயரையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ. ஒவ்வொரு லக்கும் எந்த முனையில் இருக்கிறது, வயர் என்ன நிறம் என்பது தெரியும்படி எடுங்கள். செலக்டரில் பத்துப் பன்னிரண்டு வயர் இருக்கும். ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக் கழற்றிய ஓவன்கள் என்னிடம் மூட்டையாக வந்திருக்கின்றன.

ட்ரிப்_மன்னன்:
இழைக்குள் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு ஓவனில் வேறு பிரச்சினை. போட்டுக் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு வீடு முழுக்க கரண்ட் போய்விடும். எந்த நிலையில் வைத்தாலும் இப்படித்தான். கிரில்லை ரொம்ப நாளாகத் தொட்டதே இல்லை.

வெட்டி_ஒட்டி:
எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள் பாஸ். ட்ரிப் ஆகாது. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நெறியாளர்:
வெட்டி_ஒட்டியின் ஆலோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். ட்ரிப் ஆவது மின்கசிவு இருப்பதால். எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது. ஓவனின் உடம்பில் ஏறி நின்றுகொண்டு, அடுத்துத் தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். அந்தப் பதிவை அழிக்காமல் விட்டிருப்பது, இந்த யோசனை ஏன் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்பதற்காக மட்டுமே.

ஓம்ஸ்_விதி:
ட்ரிப்_மன்னன், விழுவது எது என்று பாருங்கள். எம்சிபி என்ற சாதா பிரேக்கர் விழுந்தால் ஷார்ட் அல்லது அதிகச் சுமை. டெஸ்ட் பட்டன் உள்ள, ஆர்சிசிபி என்ற கசிவு பிரேக்கர் விழுந்தால் மின்கசிவு. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் விழுவதைத்தான் போட்டிருப்பார்கள். வீடு முழுக்கப் போகிறது என்பதால் உங்களுக்கு ஆர்சிசிபி என்றே நினைக்கிறேன்.

ஹீட்டர் குழாய்க்குள் நடுவில் சூடாகும் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். ரொம்ப நாள் சூடுபடாத ஹீட்டரின் முனை வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே போய்விட்டால் கசிய ஆரம்பிக்கும். நீங்கள் கிரில்லைத் தொடாமல் விட்டதாகச் சொல்வதால் என் சந்தேகம் அதன் மேல்தான்.

ட்ரிப்_மன்னன்:
ஆமாம், விழுவது ஆர்சிசிபிதான். ஆனால் கிரில்லைப் போடாமல் ஃபேனில் ஓட்டினாலும் விழுகிறதே சார்?

பழைய_ஸ்பேனர்:
அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல ஓவன்களில் செலக்டர் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எல்லா ஹீட்டரிலும் எப்போதும் இணைந்தே இருக்கும். கெட்டுப்போன கிரில்லின் நியூட்ரல் பக்கம் உடம்போடு கசிந்தால், நீங்கள் ஃபேன் ஹீட்டரைப் போட்டதும் நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் கொஞ்சம் எர்த் வழியே ஓடும். ஆர்சிசிபி விழுந்துவிடும். போடாத ஹீட்டரும் ட்ரிப் செய்யும் என்று சொன்னால் படித்த பொறியாளர்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மெயினை இறக்கிவிட்டு கிரில்லின் இரண்டு வயரையும் கழற்றி, முனைகளைச் சூடு தாங்கும் டேப்பால் சுற்றி, எதிலும் படாமல் ஒதுக்கி வையுங்கள். மூடியை மாட்டிய பிறகு ஃபேன் நிலையில் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி கிரில். அப்போதும் விழுந்தால் அடுத்த ஹீட்டர்.

ஓம்ஸ்_விதி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மல்டிமீட்டரை ஹீட்டர் முனைக்கும் உடம்புக்கும் வைத்து "திறந்திருக்கிறது, நல்லது" என்று முடிவு கட்டாதீர்கள். அது கொடுப்பது இரண்டு மூன்று வோல்ட். கசிவு தெரிய, 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெக்கர் என்ற கருவி வேண்டும். அது எலக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

குழம்பிய_குட்டி:
அண்ணா, எங்களிடம் இருப்பது மைக்ரோவேவோடு சேர்ந்த கன்வெக்ஷன் மாடல். அதிலும் சூடு வரவில்லை. இதே மாதிரி கழற்றிப் பார்க்கலாமா?

பழைய_ஸ்பேனர்:
கூடவே கூடாது தங்கச்சி. அதற்குள் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும் கெப்பாசிட்டர் இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவர்களே அதில் உயிரை விட்டிருக்கிறார்கள். மைக்ரோவேவ் என்று பெயர் இருந்தால் மூடியைத் திறக்காதீர்கள். கதவு சரியாக மூடுகிறதா, குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா, கடைகளில் காட்சிக்கு வைக்கும் டெமோ நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். டெமோவில் விளக்கு எரியும், ஃபேன் ஓடும், சூடு மட்டும் வராது.

அரைவேக்காடு:
ஓவன் வெளியே வந்துவிட்டது. மச்சான் உதவிக்கு வந்தார். மெயின் இறக்கி, மூன்று முனையிலும் வோல்டேஜ் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தேன்.

கீழ் ஹீட்டரின் இரண்டு லக்கையும் கழற்றி அளந்தேன். 48.6 ஓம். மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4 காட்டுகிறது. அதைக் கழித்தால் 48.2. இது நல்லதா கெட்டதா?

ஓம்ஸ்_விதி:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை 48.2ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1100 வாட். ஹீட்டர் முழு உடம்போடு இருக்கிறது. அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது.

பல்பின் இழையை ஆறிய நிலையில் அளந்து இப்படிக் கணக்குப் போட்டால் தப்பாக வரும். நிக்ரோமில் அந்தக் கவலை இல்லை. சூடானாலும் அதன் ஓம் சில சதவீதம்தான் மாறும்.

சும்மா_வந்தேன்:
ஆறியிருக்கும்போது நல்லா காட்டும் சகோ, சூடானதும் உள்ளே விரிந்து அறுந்துகொள்ளும். நான் பார்த்திருக்கிறேன். எலிமென்ட்டை மாத்துங்க.

ஓம்ஸ்_விதி:
அப்படி நடப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்படி இருந்தால் முதல் ஓரிரு நிமிடமாவது எரிந்துவிட்டு அணையும். இவர் எண்ணியது ஓவன் ஆறியிருந்தபோது, போட்ட முதல் நிமிடத்திலேயே. அப்போதே மின்சாரம் போகவில்லை.

அரைவேக்காடு, கழற்றிய லக் இரண்டையும் நன்றாகப் பாருங்கள். நிறம் எப்படி இருக்கிறது? இழுக்கும்போது இறுக்கமாக வந்ததா? பிறகு ஹீட்டர் பக்கத்திலிருந்து செலக்டர் வரை அந்த வயருக்குக் கன்டினியூட்டி இருக்கிறதா பாருங்கள், அதாவது அறுபடாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும். கடைசியாகச் செலக்டர். இடது குமிழைக் கீழ் ஹீட்டர் நிலையில் வைத்து, ஃபேஸ் வந்து ஏறும் பொது முனைக்கும் கீழ் ஹீட்டருக்குப் போகும் முனைக்கும் நடுவே அளவு எடுங்கள். ஹீட்டர் வயர் கழன்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஹீட்டர் வழியாகச் சுற்றி வந்து உங்களைக் குழப்பும். நல்ல ஸ்விட்ச் என்றால் முள்ளைத் தொட்டுப் பார்த்தபோது வந்த அதே 0.4க்குப் பக்கம் வர வேண்டும்.

அரைவேக்காடு:
கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்!

ஹீட்டர் பக்கத்து லக்குகள் இரண்டும் பளபளப்பாக, இறுக்கமாக இருக்கின்றன. வயரும் பீப் அடிக்கிறது. செலக்டர் பக்கம் போனால் கதையே வேறு. மற்ற லக்குகளை இழுக்க மூக்குக் குறடு தேவைப்பட்டது. கீழ் ஹீட்டருக்குப் போவது மட்டும் விரலால் தொட்டதும் கழன்று வந்தது. லக் முழுக்கக் காப்பிப் பொடி நிறம். அதை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு வயரின் உறை விறைத்து, வளைத்தால் செதில் செதிலாக உதிர்கிறது. செலக்டரில் அந்த முனையின் தகடு நீலம் பாரித்திருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

பொது முனைக்கும் இதற்கும் அளந்தால் ஒன்றும் காட்டவில்லை. குமிழை லேசாக ஆட்டினால் 300, 700 என்று எண்கள் ஓடி மறைகின்றன. மற்ற நிலைகளில் மற்ற முனைகள் எல்லாம் 0.4, 0.5.

பழைய_ஸ்பேனர்:
இதுதான். லக் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் தடை, தடை இருந்தால் சூடு, சூட்டில் லக் இன்னும் இளகும். 1100 வாட் என்றால் ஐந்து ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு போதும். அந்தச் சூடு தகடு வழியாக ஸ்விட்சுக்குள் இறங்கி, உள்ளே கான்டாக்டைத் தாங்கும் ஸ்பிரிங் தகட்டின் விறைப்பையும் எடுத்துவிட்டிருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் பொறி, கரி, கடைசியில் தொடுப்பே இல்லை.

இப்போது எல்லோரும் செய்யும் தவறை நீங்கள் செய்யாதீர்கள். ஸ்விட்சை மட்டும் புதிதாக வாங்கி, அந்தக் காப்பி நிற லக்கையே திரும்பச் சொருகிவிடுவார்கள். புது ஸ்விட்சும் அதே இடத்தில் வெந்துபோகும். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வயரை வெட்டுங்கள். நீளம் பத்தாவிட்டால் வயரையே மாற்றுங்கள். சிலிக்கான் உறை அல்லது கண்ணாடி இழை உறை போட்ட, சூடு தாங்கும் வயர். வீட்டு வயரிங்கில் வரும் சாதா பிவிசி 70 டிகிரிக்கு மேல் தாங்காது. லக்கும் நிக்கல் பூசிய ஸ்டீலில், சூட்டுக்கென்றே வருவது. சரியான க்ரிம்ப் குறடால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கி வைத்தால் மறுபடியும் தளரும். ஈயப் பற்று வைக்கவே கூடாது, சூட்டில் இளகிவிடும்.

வெட்டி_ஒட்டி:
ஸ்விட்சைப் பிரித்து உப்புத்தாள் போட்டு கான்டாக்டைத் தேய்த்தால் போதுமே. எதற்குப் புதுசு?

ஓம்ஸ்_விதி:
இந்த முறை பாதி சரி. தேய்த்தால் எரியும். ஆனால் கான்டாக்டின் முகத்தில் இருப்பது வெள்ளிக் கலவை. தேய்த்தால் அதுவும் போய்விடும். ஸ்பிரிங் விறைப்பும் திரும்பாது, பிளாஸ்டிக் வேறு இளகிவிட்டது. இது பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு மணி நேரம் எரியும் சாதனம். எனக்கு மனசு வராது.

சும்மா_வந்தேன்:
அந்த மெக்கானிக் போர்டு மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பழைய_ஸ்பேனர்:
ஒன்றும் ஆகியிருக்காது. கடிகாரம் புதிதாக ஓடும், கேக்கின் அடி பழையபடி ஈரமாக இருக்கும். அவர் பின்மூடியைத் திறந்திருந்தால் அந்தக் காப்பி நிறமே கண்ணில் அறைந்திருக்கும்.

அரைவேக்காடு:
ஸ்விட்சின் மேல் அச்சடித்திருந்த எண்ணையும் ஓவனின் மாடல் எண்ணையும் சேர்த்துத் தேடினேன், அச்சு அசலாக அதே ஸ்விட்ச் கிடைத்தது. வயர், லக் எல்லாம் பழைய_ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே. போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வயரைக் கழற்று, புதியதில் மாட்டு, அடுத்ததுக்குப் போ என்று செய்தேன். எர்த் ஸ்க்ரூவை இறுக்கி, ப்ளக்கின் எர்த் முனைக்கும் ஓவன் உடம்புக்கும் அளந்தேன், முள்ளின் 0.4க்கு மேல் எதுவும் இல்லை.

மெயினைப் போட்டால்... எந்த நிலையிலும் சூடே இல்லை. முன்பு எரிந்த மேல் ஹீட்டர்கூட எரியவில்லை. கடிகாரம் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. தப்பாக எதையாவது மாட்டிவிட்டேனா?

மாவும்_மணமும்:
பதறாதீர்கள்! கரண்ட் போய் வந்தால் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். கடிகாரம் மின்னும்போது அது ஆட்டோ நிலையில் நிற்கிறது. நேரம் வைக்கும் வரை ஹீட்டருக்கு மின்சாரமே விடாது. நேரத்தை வைத்து, கைமுறை நிலைக்கு மாற்றுங்கள். பல மாடல்களில் நடுவில் உள்ள இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் கை அல்லது பாத்திரப் படம் வரும்.

அரைவேக்காடு:
வந்துவிட்டது! மறுபடி மீட்டரில் எண்ணினேன். கீழ் மட்டும் 19, மேலும் கீழும் சேர்ந்து 35. மஞ்சள் விளக்கு நேரத்துக்கு அணைகிறது.

ஒரு சந்தேகம். நடுத்தட்டில் ஓவன் தெர்மாமீட்டர் வைத்தேன். குமிழ் 180. தெர்மாமீட்டர் 168க்கு இறங்குகிறது, 195க்கு ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. இது சரியா, தெர்மோஸ்டாட்டும் மாற்ற வேண்டுமா?

ஓம்ஸ்_விதி:
மாற்ற வேண்டாம். குமிழ் வகைத் தெர்மோஸ்டாட் அப்படித்தான் வேலை செய்யும். உள்ளே ஒரு மெல்லிய குழாயின் நுனியில் எண்ணெய் நிறைந்த உருளை இருக்கும். எண்ணெய் விரிந்தால் வெட்டும், சுருங்கினால் சேர்க்கும். மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து டிகிரி ஆடுவது இயல்பு. சராசரியைப் பாருங்கள், உங்களுக்கு 181, 182 வருகிறது. சூடேறி அரை மணி நேரம் ஆன பிறகு சில சுற்றுகள் பார்த்தால்தான் அந்தச் சராசரியை நம்பலாம். அந்த உருளை கிளிப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கழன்று சுவரில் சாய்ந்துகொண்டிருந்தால் சூட்டைத் தப்பாகக் காட்டும்.

மாவும்_மணமும்:
தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் சர்க்கரை வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை 186 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கிண்ணத்தில் வைத்து 175இல் கால் மணி நேரம், பிறகு வேறு சர்க்கரையை 190இல் கால் மணி நேரம். முதலாவது உருகக் கூடாது, இரண்டாவது உருக வேண்டும்.

ஓம்ஸ்_விதி:
ஒருவழியாகப் பயன்படும். நேரம் முக்கியம். ரொம்ப நேரம் விட்டால் குறைந்த சூட்டிலேயே சர்க்கரை சிதைந்து இளக ஆரம்பித்துவிடும். பத்து டிகிரி வித்தியாசத்தை இதை நம்பிச் சொல்ல நான் தயாரில்லை. முப்பது நாற்பது டிகிரி தப்பினால் காட்டிக்கொடுத்துவிடும்.

குழம்பிய_குட்டி:
குமிழ் இல்லாமல் டச் பட்டன் உள்ள ஓவனிலும் எண்ணெய் உருளைதான் இருக்குமா?

ஓம்ஸ்_விதி:
அவற்றில் பெரும்பாலும் மின்சென்சார். பல மாடல்களில் பிளாட்டினம் சென்சார் இருக்கும். 0 டிகிரியில் 1000 ஓம், அறைச் சூட்டில் 1080, 1100க்குப் பக்கம், 200 டிகிரியில் 1758. அதைக் கழற்றி அளந்தாலே சென்சாரா போர்டா என்று தெரிந்துவிடும். அந்த மாடல்களில் போர்டின் ரிலே ஒட்டிக்கொண்டு, அணைத்த பிறகும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருப்பதும் உண்டு. அப்படி ஆனால் உடனே மெயினை இறக்குங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ட்ரிப்_மன்னன்:
என் பக்கத்துச் செய்தி. கிரில்லின் இரண்டு வயரையும் கழற்றி ஓட்டினேன், ட்ரிப் ஆகவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெக்கர் போட்டுப் பார்த்ததில் கிரில்லுக்கும் உடம்புக்கும் 0.1 மெகா ஓம்கூட இல்லை. மற்றவை எல்லாம் நூற்றுக்கு மேல். ஃபேன் நிலையில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் விட்டு உலர்த்திப் பார்க்கச் சொன்னார். உலர்த்திய பிறகும் அளவு பெரிதாக ஏறவில்லை. கிரில் ஹீட்டர் மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பழைய_ஸ்பேனர்:
வாட் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பிடிக்கும் பட்டையில் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், குழாயின் மொத்த நீள அகலம், முனைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாற்றும்போது பின்மூடியைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கழற்றுகிற மாடல் என்றால், ஹீட்டரை வெளியே இழுத்ததும் வயர் முனைகள் ஓட்டைக்குள் வழுக்கிப் பின்னால் விழுந்துவிடும். லக்கைக் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு வயரிலும் ஒரு துணி கிளிப்பை மாட்டிவிடுங்கள். புது ஹீட்டரை முதல்முறை போடும்போது கொஞ்சம் புகையும் நாற்றமும் வரும், ஜன்னலைத் திறந்து வைத்து காலி ஓவனாக ஓட்டுங்கள்.

ட்ரிப்_மன்னன்:
நன்றி அண்ணா. பட்டையில் எண் ஒன்று பொறித்திருக்கிறது, அதை வைத்தே தேடுகிறேன்.